உப்பை அளந்தவர்கள் தண்ணியை அளக்கவில்லை

திருப்பூரில் சாயப்பட்டறை முதலாளியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு எண்ணைச் சொல்வார்: 2100. நொய்யல் பாசன விவசாயியைக் கேட்டாலும் அதையே சொல்வார். ஒரு லிட்டர் கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்பு 2100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு. அந்த எண்ணை வைத்து இருபது வருடம் வழக்கு நடந்தது. கமிட்டிகள் வந்தன, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்துப் போனார்கள், ஆய்வுக்கூடங்கள் அறிக்கை கொடுத்தன, நீதிபதிகள் அறிக்கையைப் படித்தார்கள்.

இப்போது இன்னொரு கேள்வியை அதே ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். போன ஐப்பசியில் பெரிய மழை பெய்த அன்று ராத்திரி ஜம்மனைப் பள்ளத்தில் எத்தனை அடி தண்ணி போச்சு? சங்கிலிப்பள்ளத்தில் எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கியது? பதில் வராது. கரையில் குடியிருக்கிற கிழவிதான் தன் வீட்டுச் சுவரைக் காட்டி, "இது மட்டும் வந்துச்சு கண்ணு" என்று சொல்லும். சுவரில் கரிக்கோடு ஒன்று இருக்கும். திருப்பூர் ஓடைகளின் வெள்ளப் பதிவேடு என்று நான் கண்ணால் பார்த்தது அந்தக் கோடு ஒன்றைத்தான்.

உப்புக்கு இருக்கிற கணக்கு தண்ணிக்கு ஏன் இல்லாமல் போனது? இதை நாம் கேட்டாக வேண்டும்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தொடங்கி, கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிறது. ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். அதில் சாயத் தண்ணிதான் நிரம்பியது. அதற்குக் கீழே இருந்த நிலங்கள் செத்தன, கிணறுகள் உப்பேறின. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004இல் 28 ஆயிரத்துக்கு மேற்பட்ட நில உடைமையாளர்களுக்கு ஏறக்குறைய 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்குப் போட்டது. 2006இல் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2009இல் உச்சநீதிமன்றம் சொன்னது. கடைசியில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது. விவசாயிகளின் கேள்வி நியாயமானது. அதில் நமக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அந்த இழப்பு முழுக்க நிலக் கணக்கில் பார்க்கப்பட்டது. நிலமே இல்லாமல், அதே நிலத்தில் களையெடுத்து, மஞ்சள் வெட்டி, கூலி வாங்கிய மாதாரிக் குடும்பத்துக்கு என்ன இழப்பு என்று கேட்க எந்தக் கட்டமும் அந்தப் படிவத்தில் இல்லை. கூலி போனவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்கே வந்தார்கள். எந்த ஊர் சாயம் அவர்கள் பிழைப்பைக் கெடுத்ததோ அந்த ஊர் பனியன் கம்பெனியிலேயே கைமடியாகச் சேர்ந்தார்கள்.

வந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? ஊருக்குள் வீடு கேட்டால் "நீங்க எந்த ஊருங்க, என்ன ஆளுங்க" என்ற இரண்டு கேள்வி வரும். முதல் கேள்வி மரியாதைக்கு. இரண்டாவது கேள்வியில் வீடு இல்லை என்பது முடிவாகிவிடும். வாடகை கொடுக்கக் காசு இருந்தாலும் அதே கதைதான். ஆக மிஞ்சியது ஓடைக் கரை. கிராம நிர்வாக அலுவலரின் அ-பதிவேட்டில் "ஓடைப் புறம்போக்கு" என்று எழுதியிருக்கிற இடம். ஏற்கெனவே அங்கே அருந்ததியர் வளவுகள் இருந்தன. நகரத்தின் மலத்தையும் குப்பையையும் அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களோடு இவர்களும் சேர்ந்தார்கள். பிறகு தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், இப்போது பீகார், ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர்கள்.

கொங்கில் ஓடைக்குப் பெயரே பள்ளம்தான். பள்ளத்துக்கு யாரைத் தள்ளுவது, மேட்டில் யார் இருப்பது என்பதைச் சாதி எப்போதோ தீர்மானித்துவிட்டது. வெள்ளம் அந்தத் தீர்மானத்தின்படி நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். இதை "இயற்கைப் பேரிடர்" என்று எழுதுகிற பத்திரிகைக்காரர்களுக்கு நிலப்படம் பார்க்கத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம்.

பட்டறைகள் மூடப்பட்ட அதே 2011இல், நவம்பர் முதல் வாரத்தில் ஓர் இரவு. பெருமழை. நொய்யல் கரை புரண்டது, ஜம்மனைப் பள்ளமும் சங்கிலிப்பள்ளமும் பொங்கின. தூங்கிக்கொண்டிருந்த சனங்கள் மேல் தண்ணி வந்தது. உயிர்கள் போயின, கரையோர வீடுகள் வரிசை வரிசையாக அடித்துப் போயின, சான்றிதழ், ரேஷன் கார்டு, பாடப்புத்தகம், தையல் மிஷின் எல்லாம் போயின. அரசு நிவாரணம் அறிவித்தது. மந்திரிகள் வந்தார்கள். அன்றைக்கு மேலே எங்கேயாவது ஓர் ஆள், ஓர் அளவுப்பலகையைப் பார்த்து, "ஏறுது, எழுப்புங்க" என்று கீழே சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இங்கே கொஞ்சம் தண்ணீரின் நடப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். மாணவத் தோழர்கள் பொறுமையாகப் படிக்கவும். நொய்யலில் வருகிற வெள்ளம் மலையடிவாரத்திலிருந்து வருவது. கோவையைத் தாண்டி, அணைக்கட்டுகளைத் தாண்டி, குளங்களை நிரப்பிக்கொண்டு திருப்பூருக்கு வர நேரம் பிடிக்கும். கோவையிலிருந்து போன் செய்தால் போதும், தயாராகலாம். ஜம்மனைப் பள்ளமும் சங்கிலிப்பள்ளமும் அப்படியல்ல. அவை தெற்கே பல்லடம் பக்கத்து மேட்டு நிலத்துத் தண்ணியை வாங்கிக்கொண்டு ஊருக்குள் இறங்கி நொய்யலில் விழுகிற சின்ன ஓடைகள். சின்ன ஓடையில் மழைக்கும் வெள்ளத்துக்கும் நடுவே கிடைப்பது ஒரு மணி, மிஞ்சினால் சில மணி நேரம். முன்பு அந்த மேடெல்லாம் காடு, சோளக்கொல்லை, குட்டை. பெய்ததில் பாதியை மண்ணே குடித்துவிடும். இன்று கம்பெனிக் கூரை, சிமெண்ட் தளம், தார் ரோடு. மண்ணுக்கு வாய் இல்லை. ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10 கோடி லிட்டர் தண்ணீர். மண் குடிக்காததெல்லாம் பள்ளத்துக்குத்தான் வரும். அதனால்தான் வருடத்துக்கு அறுநூறு எழுநூறு மில்லிமீட்டர் மட்டும் பெய்கிற வறண்ட ஊரில் வெள்ளச் சாவு நடக்கிறது.

வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை என்று பிரிக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு நிறம் பூசி எச்சரிக்கை விடுகிறது. நல்லது. ஆனால் ஓடைக்கு 24 மணி நேரக் கணக்கு உதவாது. எழுபது மில்லிமீட்டர் ராத்திரி முழுக்கத் தூறினால் ஓடை தாங்கும். அதே எழுபது ஒரு மணி நேரத்தில் கொட்டினால் வீடு போகும். மாவட்டத்துக்கு மஞ்சள் நிறம் என்று செல்போனில் வருகிற செய்தியால் கரையில் படுத்திருக்கிறவளுக்கு என்ன தெரியும்? எழுந்து ஓடணுமா, படுத்துக்கலாமா, அதைத்தான் அவள் கேட்கிறாள்.

நொய்யலில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது, ஆறு காவிரியைத் தொடும் கடைக்கோடிப் பக்கம். காவிரிக்கு எவ்வளவு தண்ணி வந்து சேர்கிறது என்று மாநிலங்களுக்குள் வழக்கு இருக்கிறதே, அதற்குக் கணக்கு வேண்டும். திருப்பூரைக் கடந்து போன தண்ணியை அங்கே அளக்கிறார்கள். வரும் தண்ணியை அளக்க வேண்டியவர்கள் நாம்.

இந்த ஆணையத்தைப் பற்றி ஒரு செய்தி. நம் தோழர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு பாசனமும் மின்சாரமும் அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் இருந்தன. 1943இல் தாமோதர் ஆறு பெருவெள்ளமாக வந்து வங்காளத்தைச் சூறையாடியது. அதற்குப் பிறகு தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தை உருவாக்கியதில் முன்னின்றவர் அவர். 1945இல் மத்திய அளவில் நீர்வழி, பாசனம், கப்பல் போக்குவரத்துக்கென்று ஓர் ஆணையம் அமைந்தது. இன்றைய மத்திய நீர்வள ஆணையத்தின் மூலம் அதுதான். 1945 நவம்பரில் கட்டாக்கில் ஒரிசா ஆறுகளைப் பற்றி நடந்த மாநாட்டில், மிகுதியான தண்ணீரைத் தீமையாக மட்டும் பார்க்கிற பழைய பொறியாளர் புத்தியை அவர் மறுத்துப் பேசினார். மகாடில் 1927இல் குளத்துத் தண்ணியைக் கையில் அள்ளியவர், பதினெட்டு வருடம் கழித்து ஒரு தேசத்தின் ஆறுகளைக் கணக்கிடுவதற்கு நிறுவனம் அமைத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிலையில் இருக்கிற அம்பேத்கர் கையில் புத்தகம் மட்டும்தான் இருக்கிறது.

நம் ஆட்களுக்குத் தண்ணி அளக்கத் தெரியாது என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு வரலாறு தெரியாது. தமிழ்நாட்டு ஏரிகளில் மடை திறந்து, வயலுக்கு வயல் பங்கிட்டு, கரையில் காவல் கிடந்த நீர்க்கட்டிகள் பெரும்பாலும் நம் சனம். கொங்கில் கவலை ஓட்டிய காலத்தில் தோல் பறியைத் தைத்தது மாதாரி. கிணற்றில் எத்தனை முழம் தண்ணி என்று கயிற்றைப் பிடித்த கைக்குத் தெரியும். அளந்தது நாம். அதை ஏட்டில் எழுதியது வேறு ஆள்.

இனி நமக்குள் இருக்கிற ஒரு சர்ச்சைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அதுதான். ஓடைப் பாலங்களில் நாமே அளவுக்கோடு வரைந்து, மழை நாட்களில் மட்டத்தைக் குறித்து வைக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் பேசியபோது மூத்த தோழர் ஒருவர் எழுந்து கேட்டார்: "வெள்ளம் வர்ற இடம்னு நாமளே எழுதிக் குடுத்தா, அதையே ஆதாரமா வெச்சு நம்மளக் கிளப்ப மாட்டானா?"

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ள முடியாது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தோம். கூவம், அடையாற்றுக் கரை மக்களை "உங்கள் பாதுகாப்புக்காக" என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பெரும்பாக்கமும் சதுப்பு நிலத்தின் ஓரம்தான், அங்கும் தண்ணி தேங்குகிறது. அந்த வெள்ளம் மனிதர் செய்த பேரிடர் என்று மத்தியத் தணிக்கைத் துறையே பிறகு எழுதியது. செய்த மனிதர் யார் என்று தேடி யாரும் குடிசையைத் தாண்டிப் போகவில்லை. நீர்நிலை ஆக்கிரமிப்பு அகற்றலுக்கு 2007இல் இயற்றிய சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குக் கண் தெரியும். ஓடைக்குள் கால் நீட்டிய கம்பெனிச் சுவரைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளும், தகர வீட்டைப் பார்த்தால் திறந்துகொள்ளும். குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் மாறியதும் கம்பெனிக்குப் பக்கத்தில் வாழ்விடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. நகரத்தின் ஓரத்தில் அடுக்குமாடி கொடுத்தால், ராத்திரி ஒன்பது மணிக்கு ஓவர்டைம் முடிந்து இறங்குகிற பெண் எந்த பஸ்ஸில் போவாள்?

ஆக, பயம் நியாயம். ஆனால் அதிலிருந்து தோழர் எடுக்கிற முடிவை நான் ஏற்கவில்லை. நாம் அளக்காவிட்டால் அளவே இருக்காது என்று பொருளில்லை. கிளப்ப வேண்டும் என்று முடிவு செய்கிற நாளில் ஒரு பொறியாளர் வருவார், ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார், "வெள்ள மட்டம்" என்று சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போடுவார். அந்தக் கோடு எங்கிருந்து வந்தது, எந்த வருட மழையில், பாலத்தின் கண்கள் அடைத்திருந்த நாளிலா திறந்திருந்த நாளிலா என்று கேட்க நம் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. அளவே இல்லாமல் 2011இல் நாம் செத்தோம். அளவில்லாததால் ஒருவர் வீடும் காப்பாற்றப்படவில்லை.

இன்னொன்றையும் தோழர் கவனிக்க வேண்டும். எங்கே அளக்கிறோம் என்பதில் இருக்கிறது அரசியல். குடியிருப்புப் பக்கம் மட்டும் அளந்தால் அவர் சொல்வது சரி, அது நமக்கெதிரான ஆவணமாகும். பாலத்துக்கு மேல் பக்கம் ஒரு கோடு, கீழ்ப்பக்கம் ஒரு கோடு போட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் குறித்தால் கதை மாறுகிறது. மேல் பக்கம் ஏழு அடி, கீழ்ப்பக்கம் நாலு அடி என்று வந்தால் நடுவில் இருக்கிற மூன்றடி மழை செய்த வேலை அல்ல. பாலக் கண்ணில் அடைத்திருக்கிற கட்டிங் வேஸ்ட், கட்டட இடிபாடு, குறுக்கே போகிற குழாய், ஓடையை ஒடுக்கிய சுவர், இவை செய்த வேலை. "வரலாறு காணாத மழை" என்று அதிகாரி சொல்லும்போது, மூன்றடிக்குப் பதில் சொல்லுங்கள் என்று நாம் கேட்கலாம். அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, ஓடையின் அகலம் ஏட்டில் எவ்வளவு, தரையில் எவ்வளவு என்று டேப் பிடித்தால் ஆக்கிரமிப்பாளர் யார் என்பதும் தெரிந்துபோகும். தெரியட்டுமே.

மழையையும் அதன் பக்கத்தில் நிற்கிற சுவரையும் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில், இருபதடி உயரக் கருங்கல் சுவர் மழையில் ஊறி நம் வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி மக்கள் முன்பே பயந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நியாயம் கேட்டுத் திரண்டவர்களுக்குக் கிடைத்தது தடியடியும் சிறையும். அங்கே சாய்ந்தது சுவர், இங்கே ஏறுவது தண்ணி. மேடு தனக்குப் பாதுகாப்புக் கட்டிக்கொள்ள, அதன் பாரம் பள்ளத்தின் தலையில் இறங்குகிறது. அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரக் கால்வாயின் கரை உடைந்தபோது முழுகியதும் கறுப்பர்கள் வாழ்ந்த கீழ் ஒன்பதாம் வட்டம்தான்.

வேலை பெரிய வேலை இல்லை. பாலத் தூணில் படுகையிலிருந்து மேலே பத்துப் பத்து சென்டிமீட்டருக்குக் கறுப்பு வெள்ளைப் பெயிண்ட். ஓடை ஊருக்குள் நுழைகிற மேல்கரையில் ஒன்று, குடியிருப்புப் பாலத்தில் மேலும் கீழுமாக இரண்டு. மேட்டில், மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் ஒரு மழைமானி. வாங்கக் காசில்லாவிட்டால் நேர்ச்சுவர் கொண்ட டப்பாவும் ஒரு ஸ்கேலும் போதும். ஒரு நோட்டு. மேல்கரையில் ஒரு அடி ஏறினால் நம் பாலத்தில் எத்தனை நிமிடத்தில் ஏறுகிறது என்பதை நாலைந்து மழையில் பிடித்துவிடலாம். அந்த நிமிடங்கள்தான் நமக்குக் கிடைக்கிற மொத்த அவகாசம். கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு மீனச்சிலாற்றுக் கரையில் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் மழையளவையும் ஆற்று மட்டத்தையும் தாங்களே குறித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் யாரும் பொறியாளர்கள் இல்லை.

சொல்வது யாருக்கு, எப்படி என்பதில்தான் திருப்பூருக்கென்று தனிச் சிக்கல் இருக்கிறது. ராத்திரி ஷிப்டில் தாய் தகப்பன் கம்பெனியில், வீட்டில் பிள்ளைகள் மட்டும். பல கம்பெனிகளில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறான், கேட்டைப் பூட்டிவிடுகிறான். செல்போனுக்கு வருகிற எச்சரிக்கை பூட்டிய பெட்டிக்குள் அடித்து ஓயும். எனவே வீதிக்கு இரண்டு பேர், ஒருவர் பகல் ஷிப்டு ஆள், ஒருவர் ராத்திரி ஷிப்டு ஆள். மசூதி, சர்ச், மாரியம்மன் கோயில் மைக் எதுவானாலும் சரி. தமிழில் மட்டும் கத்தினால் ஒடியாக்காரனுக்குப் புரியாது, அவன் வீடும் நம் வீட்டுக்கு அடுத்த லைன் வீடுதான். இந்தியிலும் ஒடியாவிலும் நாலு வார்த்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மழை எச்சரிக்கை நாளில் ராத்திரி கேட்டைப் பூட்டாதே, போனைக் கொடு என்பதைத் தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2024-25இல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர் இது, ஒரு கேட்டைத் திறந்து வைப்பதால் முழுகிவிடாது.

அரசு செய்யட்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அரசு செய்ய வேண்டும்தான். 2017இல் திருப்பூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. கோடிகளைக் கொட்டிய அந்தத் திட்டத்தில் ஓடைக்கு ஒரு தானியங்கி அளவுமானி என்பது சில்லறைச் செலவு. நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சார் பட்டியலில் ஏறியது, அங்கே எந்தப் பறவை எத்தனை வந்தது என்று வருடா வருடம் எண்ணுகிறார்கள். எண்ணட்டும், நல்ல காரியம். அந்தக் கவனத்தில் ஒரு துளி நம் பள்ளங்களுக்கும் வரட்டும் என்று கேட்கிறோம். மாநகராட்சியிடம் மனுக் கொடுப்போம். ஆனால் கொடுக்கும்போது வெறும் மனுவாகக் கொடுக்கக் கூடாது, ஒரு மழைக்காலத்தின் கணக்கு நோட்டோடு கொடுக்க வேண்டும். ஓடையை அடைப்பெடுக்கிறேன் என்று நம் ஆளையே கையுறையில்லாமல் அதில் இறக்குவார்கள், அதற்கும் சேர்த்து இப்போதே எழுதிக் கேட்க வேண்டும்: இயந்திரம் இறங்கட்டும். 2025 மே மாதம் கரைப்புதூரில் சாயப்பட்டறைத் தொட்டிக்குள் இறங்கியவர்கள் பிணமாக வந்ததை மறந்துவிடவில்லை.

புரட்டாசி முடிவதற்குள் பெயிண்ட் அடித்துவிட வேண்டும், ஐப்பசியில் தூண் நனைந்தபிறகு ஒட்டாது. கல்லூரித் தோழர்கள் விடுமுறையில் வரும்போது முப்பது மீட்டர் டேப் ஒன்று கொண்டு வாருங்கள். முதல் வேலையாகக் கிழவி வீட்டுக் கரிக்கோட்டைத் தரையிலிருந்து அளந்து, வருடத்தோடு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுவோம். அவர் வீட்டுக்கு இந்த வருடம் வெள்ளையடிக்கப் போகிறார்களாம்.